ஒரு பணம் என்றால் எவ்வளவு? உவமைகளும் எங்கள் ஊர்க் கூலியும்

2023 செப்டம்பரில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காரைக்காலில் இருந்தேன். வேளாங்கண்ணித் திருவிழா 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டிருந்தது. காவி கட்டிக்கொண்டு எங்கள் ஊர் வழியாக நடந்துபோகும் கூட்டமும், அவர்களுக்கு மோர் ஊற்றும் பந்தல்களும் காலியாகிவிட்டன. ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிற வாரங்கள் அவை. 17ஆம் தேதி ஞாயிறு, 24ஆம் தேதி ஞாயிறு, இரண்டு நாளும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன்.

முதல் ஞாயிறு வாசித்தது மன்னிக்க மறுத்த பணியாளன் உவமை (மத்தேயு 18). அடுத்த ஞாயிறு திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை (மத்தேயு 20). இது தற்செயல் இல்லை. கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஓடுகின்றன. ஆண்டை மூன்றால் வகுத்து மீதி ஒன்று வந்தால் மத்தேயு, இரண்டு வந்தால் மாற்கு, மீதியே இல்லையென்றால் லூக்கா. (வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் இல்லாமல் அதற்கு முந்தைய திருவருகைக் காலத்திலேயே தொடங்கிவிடும், அதை மட்டும் கவனிக்கணும்.) 2023க்கு மீதி ஒன்று. ஆக, அந்த ஆண்டு இந்த இரண்டு உவமைகளும் அடுத்தடுத்த வாரம் வந்தே தீரும்.

இரண்டிலும் காசுக் கணக்கு வருகிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு எண் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதல் சிக்கல் அலகுகள். ‘தெனாரியம்’ என்று திருவிவிலியத்தில் (1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு) படித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அது ஒரு ரோமானிய வெள்ளி நாணயம், அவ்வளவுதான் தெரியும். சீர்திருத்த சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பை எடுத்தால் அதே இடத்தில் ‘ஒரு பணம்’ என்று இருக்கும். இன்றைக்கு அதுவும் குழப்பம்தான். ஒரு பணமா? எவ்வளவு பணம்?

ஆனால் அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் காலத்தில் அது மிகச் சரியான சொல். ‘பணம்’ என்பது அன்று பொதுவாகச் செல்வத்தைக் குறிக்கிற சொல் மட்டும் இல்லை, கையில் வாங்கி மடியில் முடிகிற ஒரு நாணயத்தின் பெயர். தரங்கம்பாடியில் டேனியர்கள் பணம் அச்சடித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்த வெள்ளிப் பணத்துக்கு அவர்கள் வாயில் ‘ஃபனோன்’ என்று பெயர். அவர்களுடைய செப்புக் காசு ‘தூதூ’, நம்ம துட்டின் சொந்தக்காரச் சொல். 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு இந்தக் காசுகள்தான் எங்கள் கடைத்தெருவில் உருண்டிருக்கும். காரைக்காலுக்கு நேர் வடக்கே இருக்கிற அதே தரங்கம்பாடியில்தான் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1714, 1715 ஆண்டுகளில் அச்சில் கொண்டுவந்தார். அந்தக் கரையில் நின்று ‘நாளுக்கு ஒரு பணம்’ என்று படித்தால், கேட்கிறவனுக்கு அரிசி விலையோடு சேர்த்துப் புரிந்திருக்கும். நமக்குப் புரியாததற்குக் காரணம் காலம்தான். ஆங்கிலக்காரர்களுக்கும் இதே கதை: 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பில் அதை ‘பென்னி’ என்று போட்டார்கள். இன்றைக்கு அதைப் படிக்கிறவன், முதலாளி ஒரு பைசா கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொள்வான்.

சரி, தெனாரியம் என்றால் எவ்வளவு? ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். இதற்கு நம்மிடம் இருக்கிற முக்கியமான சான்றே இந்தத் திராட்சைத் தோட்ட உவமைதான். ஆனால் தனிச் சான்று இல்லை. கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் தோபித்து நூலில், பயணத்துக்குத் துணையாக வருபவருக்கு (அவர் வானதூதர் என்பது பிறகுதான் தெரியவரும்) நாளுக்கு ஒரு திராக்மா பேசுகிறார்கள். கிரேக்கத் திராக்மாவும் ரோமானியத் தெனாரியமும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு. ஆக, ஒரு நாள் கூலி என்பது நம்பத்தக்க கணக்கு.

அடுத்தது தாலந்து. அது நாணயமே இல்லை, எடை. ஒரு தாலந்து 60 மினா, ஒரு மினா 100 திராக்மா. எனவே ஒரு தாலந்து என்பது 6,000 தெனாரியம், அதாவது 6,000 நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் 20 வருட உழைப்பு. (லூக்காவில் வரும் மினாவைப் பழைய மொழிபெயர்ப்பில் ‘ராத்தல்’ என்று போட்டிருப்பார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டு ராத்தல் கணக்கில் சர்க்கரை மாதிரி எதையோ கொடுத்தார் என்றே நினைத்திருந்தேன்.)

இப்போது முதல் உவமைக்கு வருவோம். அரசனிடம் ஒருவன் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். கணக்குக்காக ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாலந்து 30 லட்சம். பத்தாயிரம் தாலந்து 3,000 கோடி ரூபாய். கூலிக்காரன் அதை உழைத்து அடைக்க 2 லட்சம் ஆண்டு ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியபடி, கலிலேயா, பெரேயா இரண்டையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டு வருமானமே 200 தாலந்து. உவமையில் வருகிறவனின் கடன் ஒரு குட்டி ராஜ்யத்தின் 50 வருட வருமானம். அவன் மண்டியிட்டு, கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறேன் என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயாக்காரர்கள் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் ‘பத்தாயிரம்’ கூட யோசித்துப் போட்ட எண். கிரேக்கத்தில் ‘முரியோய்’, எண்ணுக்கென்று தனிச் சொல் இருப்பதில் அதுதான் பெரியது. தாலந்துதான் பெரிய அலகு. பெரிய எண்ணைப் பெரிய அலகால் பெருக்கியிருக்கிறார். நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்வதென்றால், மாறியில் கொள்ளும் உச்ச மதிப்பைப் போட்டு வைத்த மாதிரி.

இதுவரைக்கும் பிரசங்கங்களில் வரும். இதற்கு அடுத்த படியில்தான் எனக்கு எப்போதும் ஒரு இடறல். மன்னிப்புப் பெற்றவன் வெளியே போய், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த 100 தெனாரியத்தைப் பற்றிப் பேசும்போது ‘அற்பத் தொகை’, ‘சில்லறைக் கடன்’ என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். விகிதமாகப் பார்த்தால் சரி, ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் தனியாகப் பாருங்கள்: 100 நாள் கூலி. நம் கணக்கில் 50,000 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் நான்கு மாதச் சம்பளம். எந்தக் கூலிக்காரன் வீட்டில் இது சில்லறை? நான்கு மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தால் எனக்கே தூக்கம் வராது.

உண்மையிலேயே வராமல்தான் இருந்தது. எனக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர், ஒரு தொழில் தொடங்கப்போவதாகச் சொல்லி சில வருடங்களுக்கு முன் 80,000 ரூபாய் வாங்கினார். ஆறு மாதம் என்றார். பிறகு அடுத்த அறுவடை என்றார். அப்புறம் நான் வந்தால் அவர் வேறு தெருவில் போக ஆரம்பித்தார். எல்லாவற்றையும் எக்செல் கோப்பில் வைக்கிற பழக்கம் எனக்கு. அந்தக் கடனுக்கும் ஒரு வரி, பக்கத்தில் ‘வங்கியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி’ என்று ஒரு நிரல். மாதாமாதம் அந்த எண் தானாகக் கூடும். அதைத் திறந்து பார்ப்பதில் ஒரு கசப்பான திருப்தி இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

100 தெனாரியத்தை அற்பம் என்று சொல்லும் பிரசங்கம் எனக்குக் கோபம் மூட்டியதற்குக் காரணம் இதுதான். உன் கடன் ஒன்றுமே இல்லை, விட்டுவிடு என்று சொல்கிறவர் கடன் கொடுத்துப் பார்த்தவராக இருக்க முடியாது. ஆனால் கணக்குப் போட்ட பிறகு தெரிந்தது, உவமை அப்படிச் சொல்லவே இல்லை. அற்பம் என்று காட்ட நினைத்திருந்தால் இயேசு இரண்டு தெனாரியம், மூன்று தெனாரியம் என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வலிக்கிற அளவுள்ள தொகையைத்தான் வைத்தார். உனக்கு நடந்த இழப்பு நிஜம், நான்கு மாதச் சம்பளம் என்பது நிஜம் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சே வருகிறது. காயத்தைச் சின்னதாக்கிக் காட்டி மன்னிக்கச் சொல்வதும், காயத்தை அளந்து சொல்லிவிட்டு மன்னிக்கச் சொல்வதும் வேறு வேறு. எனக்கு இரண்டாவதுதான் காதில் ஏறுகிறது.

அதே சமயம் இன்னொன்றும் கவனிக்கணும். கேட்ட உடனே முழுக் கடனையும் தள்ளுபடி செய்தவன் அரசன். உடன்பணியாளன் கேட்டதோ தவணை மட்டும்தான். அந்தத் தவணைகூடக் கிடைக்காமல் அவன் சிறைக்குப் போகிறான். கந்து வட்டியும் வாரச் சீட்டும் குழுக் கடனும் ஓடுகிற எங்கள் தெருக்களில், வாசலில் வந்து நின்று கத்துவதற்கும் ‘அடுத்த வாரம் குடு’ என்று போவதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது. முழுத் தள்ளுபடி பெரிய மனசுக்காரர்கள் வேலை. தவணை எல்லாராலும் முடியும்.

என் எக்செல் விஷயத்தில் என்ன செய்தேன் என்று கேட்டால், பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வட்டி நிரலை மட்டும் அழித்தேன். 80,000 என்ற வரி அப்படியே இருக்கிறது.

தாலந்து பற்றிப் பேசிவிட்டதால் ஒரு சின்ன விலகல். மத்தேயு 25இல் வரும் தாலந்து உவமையால்தான் ஆங்கிலத்தில் ‘டேலன்ட்’ என்ற சொல்லுக்கே ‘திறமை’ என்ற பொருள் வந்தது. நம் கிறிஸ்தவத் தமிழிலும் தாலந்து என்றால் பாட்டு, பேச்சு, கோலம் என்று ஆகிவிட்டது. ஆண்டு விழாவில் தாலந்துப் போட்டி வைக்காத சபை இருக்காது. விளைவு, ‘பாவம், அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது’ என்று அந்த மூன்றாவது ஆள்மேல் இரக்கம் வருகிறது. அந்த ஒன்று 20 வருடக் கூலி. நம் கணக்கில் 30 லட்சத்தை மண்ணில் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். யூதர்களின் தல்மூதில், பிறர் காசைப் பத்திரமாக வைக்க மண்ணில் புதைப்பதே சிறந்த வழி என்று ஒரு கருத்து உண்டு, அதனால் அவன் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

நல்ல சமாரியர் கதையிலும் இதே அலகு. சத்திரக்காரரிடம் கொடுத்தது இரண்டு தெனாரியம். அகுஸ்தீனார் அதை விளக்கும்போது சத்திரம் என்றால் திருச்சபை, சத்திரக்காரர் பவுல், இரண்டு காசு என்றால் இறையன்பும் பிறரன்பும் என்றெல்லாம் எழுதினார். அழகுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிஷர், உவமையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மறைபொருள் தேடாதீர்கள் என்று வாதாடியதில் எனக்கு உடன்பாடு அதிகம். இரண்டு தெனாரியம் என்பது முன்பின் தெரியாதவனுக்காக விட்டுக்கொடுத்த இரண்டு நாள் சம்பளம், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்குறுதியோடு சேர்த்து. எனக்கு அந்த அர்த்தமே போதும்.

இனி அடுத்த ஞாயிறு. நேரம் எடுத்துச் சொல்லவேண்டியது இதுதான்.

திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஆள் பிடிக்கிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் பேச்சு. பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி. நம் கடிகாரத்தில் காலை 9, மதியம் 12, மாலை 3, மாலை 5. ஆறு மணிக்குக் கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களிலிருந்து ஆரம்பித்து எல்லாருக்கும் ஒரு தெனாரியம். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

திருநள்ளாறு போகிற வழியில் எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அப்பா போன பிறகு சாகுபடியைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. அவர்களே வேலை செய்வார்கள், தேவையான பெண்களையும் கூட்டி வருவார்கள். அவர்கள் எங்கள் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். பூசை முடிந்த அன்று மாலை வரப்பில் உட்கார்ந்து இந்தக் கதையை அப்படியே சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அது சரி தம்பி. அப்படிக் குடுத்தா மறுநாள் காலைல எவன் வருவான்? எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான வருவான்?” என்றார்கள்.

இரண்டாயிரம் ஆண்டாக விளக்கவுரைகள் எழுதியவர்களையும் தொல்லைப்படுத்திய கேள்வி இது. பலர் இதிலிருந்து தப்பிக்க, இது கூலியைப் பற்றிய கதையே இல்லை, மரணப் படுக்கையில் மனம் திரும்பியவனுக்கும் மோட்சம் உண்டு என்பதைச் சொல்வது என்று மேலே பறந்துவிடுவார்கள். அந்த அர்த்தம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே பறப்பதற்கு முன் தரையைப் பார்க்கலாம். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தொடர்ந்தார்கள்: “ஆனா அஞ்சு மணி வரைக்கும் அங்கயே நின்னான் பாரு, அவன் சோம்பேறி இல்ல. சோம்பேறின்னா ஒம்பது மணிக்கே வூட்டுக்குப் போயிருப்பான். யாரும் கூப்புடாம நிக்கிறது இருக்கே, அதுக்கு நடவு நட்டுட்டுப் போயிடலாம்.”

இந்தக் கதையைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு கச்சிதமாக இல்லை. உவமையிலேயே காரணம் இருக்கிறது: ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். ஐந்து மணிக்கும் மிச்சம் இருப்பது யார்? வயசானவர், மெலிந்தவர், கை கால் ஊனமானவர், வெளியூர் ஆள். நல்ல ஆளைக் காலையிலேயே பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு ஒன்றுதான், அதற்கும் ஒரு நாள் அரிசி வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு தெனாரியத்தில் அது வராது.

எங்களுக்கு இது புரியக் கஷ்டமில்லை, காரைக்கால் முழுக்கக் கடைமடை. காவிரி எங்கெங்கோ சுற்றி, எல்லார் வயலும் குடித்தது போக, அரசலாற்றிலும் மற்ற கிளைகளிலும் கடைசியாக எங்களிடம் வரும். மேலே இருப்பவன் முதலில் வந்தவன், அவன் எடுத்தது போக மிச்சம்தான் உனக்கு என்றால் எங்கள் வயலில் ஒரு போகம்கூட விளையாது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் எங்களுக்கென்று 7 டிஎம்சி ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. வரிசையில் கடைசி என்பதற்காகப் பங்கு இல்லாமல் போகாது என்ற நியாயத்தைத் தண்ணீரில் நாங்கள் உரக்கக் கேட்கிறோம். கூலியில் அதையே யாராவது கேட்டால் காது கேட்பதில்லை.

இந்த உவமைக்கு இந்தியாவில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் பொருளாதாரம் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். 1862இல் அவை நூலானபோது வைத்த தலைப்பு, தோட்டக்காரர் சொல்லும் பதிலில் வரும் ‘இந்தக் கடைசி ஆளுக்கும்’ என்ற தொடர். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்திக்கு நண்பர் போலக் அந்த நூலைக் கையில் கொடுத்தார். இரவெல்லாம் தூங்காமல் படித்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். வழக்கறிஞர் வேலைக்கும் முடிதிருத்துபவர் வேலைக்கும் மதிப்பு ஒன்றுதான் என்பது அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. 1908இல் அதைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது அவர் வைத்த பெயர் ‘சர்வோதயம்’. அதாவது நம் ஊரில் சர்வோதயக் கடை, சர்வோதய சங்கம் என்று பலகை பார்க்கிறோமே, அந்தச் சொல் இந்த உவமையின் பேரப்பிள்ளை.

அது எங்கள் டெல்டாவுக்கே ஒரு நாள் வந்தது. வந்த காரணம் நல்லதில்லை. 1968ஆம் ஆண்டு, நாகப்பட்டினம் பக்கத்தில் கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும்தான் சண்டை. டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை உயிரோடு எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லாரும் தலித்துகள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தேதியைப் பாருங்கள். காலையில் இந்தக் கடற்கரை முழுக்கக் கோயில்களில் கிறிஸ்து பிறப்புப் பூசை நடந்திருக்கும். சர்வோதய ஊழியர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதன்பின் இந்தப் பகுதிக்கு வந்து தங்கினார்கள். 1981இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தைப் பேசி வாங்கி நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் பதிவு செய்துகொடுத்தார்கள். கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. திராட்சைத் தோட்டக் கதை ரஸ்கின் வழியாக, காந்தி வழியாக, கூலிக்காகக் கொளுத்தப்பட்ட வயல்வெளிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. எந்த மறையுரையிலும் இதை நான் கேட்டதில்லை. கிருஷ்ணம்மாளோ ஜெகந்நாதனோ கிறிஸ்தவப் பிரசங்கமாக இதைச் செய்யவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கூலி பேசி ஆள் பிடிப்பது காரைக்காலுக்குப் புதுசும் இல்லை. 1850கள் முதல் 1880கள் வரை எங்கள் துறைமுகத்திலிருந்து மர்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அது பெரிய கதை, இன்னொரு நாள்.

இப்போது என் வயலுக்கு. உவமையில் எல்லாரும் சட்டென்று தாண்டிப்போகும் ஒரு சொல் ‘மாலையில்’. கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசே சட்டம் (இணைச்சட்டம் 24, லேவியர் 19). தோட்டக்காரரின் தாராளத்தைப் பேசுமுன் அவர் சட்டப்படி நேரத்துக்குக் கொடுத்தார் என்பதைக் கவனிக்கணும். நான் வேலை பார்க்கிற தொழிலில், சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுங்கள் என்று 2006இல் சட்டமே போட வேண்டியிருந்தது. வீட்டில் குழாய் சரிசெய்தவருக்கு ‘ஜிபே பண்றேன்’ என்று சொல்லிவிட்டு மூன்று நாள் மறந்தவன் நானும்தான்.

அப்பாவின் பழைய நோட்டை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு போகத்துக்கும் ஆள் கணக்கு. ‘ஆண் 6, பெண் 14’. பக்கத்தில் இரண்டு விதக் கூலி. அப்பா நேர்மையானவர், ஒரு நாள்கூடக் கூலி பாக்கி வைத்ததில்லை. ஆனால் வருடா வருடம், பக்கத்துக்குப் பக்கம், பெண் கூலி ஆண் கூலியை விடக் குறைவு. சம ஊதியச் சட்டம் வந்தது 1976. நோட்டு அதற்குப் பிறகும் அப்படியே ஓடுகிறது. அப்பாவுக்குப் பிறகு நானும் அப்படியேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன், எக்செல்லில் இரண்டு நிரலாக. ஆண்கள் கடினமான வேலை செய்கிறார்கள் என்பது ஊரில் சொல்லும் காரணம். காலையிலிருந்து குனிந்தபடி நாற்று நடுவதை யாராவது லேசான வேலை என்று சொன்னால், ஒரு மா நட்டுக் காட்டச் சொல்லணும்.

அந்த சம்பாவுக்கு ஒரே கூலி என்று முடிவு செய்து அக்காவிடம் சொன்னேன். அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். “குடு தம்பி, வேணாம்னா சொல்லப்போறோம்? ஆனா பக்கத்து வயக்காரங்க எங்களத்தான் கேப்பாங்க” என்றார்கள். கேட்டார்கள். அக்காவை மட்டுமில்லை, என்னையும். ஒரு பெரியவர், அப்பாவுக்கு நண்பர், சென்னைக்கே போன் செய்து, “தம்பி, நீ மாசச் சம்பளக்காரன். உனக்கு இது நட்டமில்ல. நாங்க இதுலதான் சாப்புடுறோம். ரேட்டக் கெடுத்துட்டுப் போயிடாத” என்றார். உவமையில் முணுமுணுப்பது காலையில் வந்த வேலையாட்கள். எங்கள் ஊரில் முணுமுணுத்தது நிலம் வைத்திருப்பவர்கள். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே அணையை மூடிய வருடம் அது. கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு நெல் போடுகிறவர் திராட்சைத் தோட்ட முதலாளி இல்லை. அவரே மாலை ஐந்து மணிக்கு நிற்கிற ஆள் மாதிரிதான். ‘என் பணத்தை என் விருப்பப்படி கொடுக்கிறேன்’ என்று நான் சொல்லிவிடலாம், உவமைக்காரர் அப்படித்தான் சொல்கிறார். அந்தப் பெரியவரிடம் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. “சரிங்க பெரியப்பா, பாக்குறேன்” என்று வைத்துவிட்டேன்.

கூலியை மட்டும் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த போகங்களிலும் ஒரே நிரல்தான். பக்கத்து வயல்களில் பழைய இரண்டு கூலியும் நடக்கிறது. அதே பெண்கள் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறார்கள். போன முறை அக்காவிடம், அஞ்சு மணிக்கு எவனாவது வந்தானா என்று கேட்டேன். “எவனும் வரல. ஒருத்தி மட்டும் புள்ளைக்கு ஜொரம்னு பத்து மணிக்கு வந்தா. முழுசாக் குடுத்துட்டேன், எழுதிக்க” என்றார்கள். எழுதிக்கொண்டேன்.

இந்த இரண்டு வாசகங்களும் அடுத்த சுற்றில் 2026 செப்டம்பர் 13, 20 ஞாயிறுகளில் வரும்.